பச்சைக்கு அடியில் ஓர் எண்

பானெட்டின் பக்கத் தகட்டில் தண்ணீரை வழியவிட்டு, நைசான உப்புத்தாளால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தம் கூடாது, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற பதம்தான். முதலில் கரைந்து வருவது சிவப்பு. போருக்குப் பிறகு வண்டியை வாங்கிய விவசாயி அடித்தது அது. இன்னும் கால் மணி நேரம் தேய்த்தால் கரும்பச்சை: பிரெஞ்சு ராணுவம் வைத்திருந்த காலம். அதற்கும் கீழே, பளபளப்பே இல்லாமல், சேற்றில் இலையை அரைத்துக் கலந்ததுபோல் ஒரு பச்சை. அந்தப் பச்சையின் மேல் மங்கலாக ஒரு சாய்கோடு தெரிகிறது. அதைக் குறுக்கே வெட்டி ஒரு படுக்கைக் கோடு. ‘4’. எண்பது ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாத ஓர் எண் ஈரத் தகட்டில் எழுந்து வருகிறது.

கோயில் சுவரில் சுண்ணாம்பை மெல்ல உரித்துக் கல்வெட்டு வாசிப்பவர்களுக்கு இந்த நிமிடம் பழகியதுதான். பெயிண்டை ஒரே நாளில் எடுத்துவிட வேண்டுமென்று மணல் வீச்சு வைத்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். சுவர் பளிச்சென்று இருக்கும், எழுத்து இருக்காது. பழைய ராணுவ லாரியைச் சீரமைப்பவர்கள் அதனால்தான் முதலில் ஸ்பேனரைத் தொடுவதில்லை. படிக்கிறார்கள். தகடு, போல்ட், வெல்டிங் தழும்பு, வயரின் நிறம் என்று அந்த வண்டியில் எழுதப்படாத இடமே கிடையாது.

இந்த எண்ணைச் சுமக்கும் வண்டி ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா செய்த இரண்டரை டன் லாரி. சிப்பாய்கள் செல்லமாக ‘ஜிம்மி’ என்றார்கள். மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக்கிலும் பிறகு செயின்ட் லூயிஸிலும் 1941 முதல் 1945 வரை இதன் எல்லா வகைகளையும் சேர்த்து 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். இரவு பகல், ஞாயிறு திங்கள் பார்க்காமல் கணக்குப் போட்டால் ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒரு லாரி. ஒரு டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் பத்துச் சக்கரத்தோடு ஒரு வண்டி வாசலைத் தாண்டியிருக்கும்.

இரண்டரை டன் என்பது கரடுமுரடான நிலத்தில் ஏற்ற அனுமதித்த பாரம். நம் கணக்கில் 25 கிலோ அரிசிச் சிப்பம் 90. நல்ல சாலையில் அதைப்போல் இரு மடங்கு ஏற்றினார்கள். 1944-இல் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸுக்குள் வேகமாக முன்னேறியபோது, ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்ற லாரித் தொடர் ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை இடைவிடாமல் ஓடியது. உச்ச நாளில் கிட்டத்தட்ட 6,000 வண்டிகள், 12,000 டன்னுக்கு மேல் சரக்கு. ஓட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள். வேகத்துக்குக் கடிவாளம் போட எஞ்சினில் ‘கவர்னர்’ என்ற கருவி இருந்தது. முன்னணியில் பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்ததால் பலர் அதைச் செயலிழக்க வைத்துவிட்டு ஓட்டினார்கள்.

இத்தனை லட்சம் வண்டிகளில் இது எது? ஒரே அச்சில் வார்த்தவைபோல் தெரிந்தாலும், நெருங்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் தன் ஜாதகத்தைத் தானே சொல்கிறது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். முதல் ‘சி’ 1941-ஆம் ஆண்டு வடிவமைப்பு என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது ‘சி’, எஞ்சினுக்குப் பின்னால் ஓட்டுநர் உட்காரும் வழக்கமான கேபின். ‘கே’ என்றால் முன்சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை போகிறது. ‘டபிள்யூ’ என்றால் பின்னாலுள்ள இரண்டு ஆக்சிலுக்கும் போகிறது. இதே சங்கேதத்தில் முதல் எழுத்தை 1942-க்கான ‘டி’ என்று மாற்றி, இரண்டாவது எழுத்தின் இடத்தில், நீரிலும் நிலத்திலும் போகும் என்பதற்கான ‘யூ’ வைத்தால் டி.யூ.கே.டபிள்யூ., அதாவது கடலிலிருந்து நேராகக் கரையேறிய ‘டக்’ வண்டி. ஜிம்மியின் எலும்புக்கூட்டின் மேல் படகு கட்டியதுதான் அது. எழுத்துகளுக்குப் பின்னால் 352 என்றிருந்தால் குட்டை வண்டி, 353 என்றால் நெட்டை. தகடு தொலைந்து போயிருந்தாலும் கவலையில்லை. முன் ஆக்சிலிலிருந்து பின் ஆக்சில் இரண்டுக்கும் நடுப்புள்ளி வரை டேப் பிடித்தால் போதும்: 3.68 மீட்டர் வந்தால் குட்டை, 4.17 மீட்டர் வந்தால் நெட்டை.

அடுத்து வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். ஆக்சிலின் நடுவே பல்சக்கரங்கள் உட்கார்ந்திருக்கும் உருண்டையைப் பாருங்கள். இரண்டு பாதிகளைச் சேர்த்து வட்டமாக போல்ட் போட்டு முடுக்கியிருந்தால் அது டிம்கன் நிறுவனத்தின் ஆக்சில். ஒரே வார்ப்பாக, பின்னால் ஒரு வட்ட மூடியோடு, பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தின் உருவில் இருந்தால் அது ஜெனரல் மோட்டார்ஸ் தானே செய்தது. போர் கேட்ட வேகத்துக்கு ஒரு ஆலையின் ஆக்சில் போதவில்லை. அதனால் இரண்டு வகை. வெளியே இரண்டும் ஒரே லாரி. உள்ளே உதிரிபாகம் ஒன்றுக்கொன்று சேராது. தவறான வகைக்குப் பாகம் வாங்கிப் பணத்தை விட்டவர்கள் ஏராளம்.

கேபினும் பேசும். தொடக்க ஆண்டுகளில் இரும்புக் கூரை, இரும்புக் கதவு. பின்னால் வந்தவற்றில் கித்தான் கூரை, கித்தான் கதவு. இரும்பு மிச்சம், அதோடு கப்பலில் அடுக்கும்போது உயரமும் குறையும். பாரம் ஏற்றும் தொட்டியும் அப்படியே. முதலில் இரும்பு, இரும்புத் தட்டுப்பாடு வந்தபோது மரம், பிறகு மரமும் இரும்பும் கலந்தது. அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு நாட்டில் அந்த மாதம் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைத் தொட்டியின் பலகையிலேயே தொட்டுப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் சட்டத்தில் இருக்கிறது. சேசிஸ் எனப்படும் அந்த நீண்ட இரும்புச் சட்டம்தான் லாரியின் முதுகெலும்பு. அதை யாராவது குறுக்கே வெட்டுவார்களா? வெட்டினார்கள். அசாமிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடரைத் தாண்டிச் சீனாவுக்குத் தரைவழி அடைபட்டிருந்த நாட்களில் சரக்கெல்லாம் விமானத்தில்தான் போனது. லாரி ஒரு விமானத்தின் வயிற்றுக்குள் அடங்காது. ஆகவே கேஸ் வெல்டிங் சுடரால் சட்டத்தை இரண்டாக அறுத்து, பாதிப் பாதியாக ஏற்றி, அங்கே இறக்கி மறுபடி பற்றவைத்தார்கள். பிறகு ஆலையிலேயே, கேபினுக்குப் பின்னால் போல்ட் போட்டுப் பிரிக்கக்கூடிய சட்டத்தோடு ஒரு வகையைச் செய்தார்கள். அசாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகக் குன்மிங் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் சாலை முடிந்து, 1945 ஜனவரியில் கிளம்பிய முதல் வண்டித் தொடர் பிப்ரவரி 4-இல் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு யாரும் லாரியை அறுக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியொரு தழும்பு கிடைத்தால், ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று கிரைண்டர் வைத்து மழுப்பாமல் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சத் தோன்றுகிறது. வலு குறைந்திருந்தால் உள்பக்கம் பட்டை கொடுத்துத் தாங்கலாம். தழும்பு வெளியே இருக்கட்டும்.

இனி எண்களுக்கு வருவோம். பானெட்டில் இருப்பது ராணுவப் பதிவு எண். அதன் முதல் இலக்கம் 4 என்றால் இரண்டரை டன்னும் அதற்குச் சற்று மேலுமான லாரி. ஜீப்புக்கு 20 என்று தொடங்கும். தொடக்கத்தில் இந்த எண்ணை வெள்ளையில் எழுதவில்லை, பச்சையோடு ஒன்றிப்போகும் மங்கல் நீலத்தில் எழுதினார்கள். பக்கத்தில் நிற்கும் அதிகாரி படித்துவிடுவார். தூரத்துக் கண்ணுக்குத் தெரியாது. இதைத் தவிரச் சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் எண் ஒன்று. கேபினுக்குள் டாஷ்போர்டில் திருகியிருக்கும் தகட்டில் வகை, எண், ராணுவத்திடம் ஒப்படைத்த தேதி ஆகியவை.

சட்டத்து எண் துருவில் கரைந்தோ, யாரோ வேண்டுமென்றே ராவியோ மறைந்திருந்தால்? இங்கேதான் இரும்பு ஓர் ஆச்சரியத்தைச் செய்கிறது. எண்ணச்சை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிக்கும்போது மேற்பரப்பில் பள்ளம் விழுவது பாதிக் கதைதான். பள்ளத்துக்கு அடியிலுள்ள இரும்புப் படிகங்களும் நசுங்கி, அழுத்தமான நிலையில் உறைந்துவிடுகின்றன. மேற்பரப்பை ராவி எடுத்தாலும் அந்த நசுங்கல் உள்ளே இருக்கும். அந்த இடத்தை மெருகேற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காப்பர் குளோரைடு கலந்த கரைசலைப் பஞ்சில் தொட்டுத் தடவினால், நசுங்கிய இரும்பு ஒரு வேகத்தில் கரையும், நசுங்காதது வேறு வேகத்தில். வித்தியாசம் நிழல்போல் எழுந்து எண்ணாகத் தெரியும். திருட்டு வண்டிகளையும் துப்பாக்கிகளையும் அடையாளம் காணத் தடய அறிவியல் கூடங்கள் பயன்படுத்தும் வழி இதுவே.

எல்லா எண்ணும் கிடைத்த பிறகு ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதுண்டு. அது மோசடி அல்ல. போரின்போதும் பிறகும் பிரான்ஸிலும் பிற நாடுகளிலும் பெரிய ராணுவப் பணிமனைகளில் லாரிகளை நட்டு போல்ட்டாகக் கழற்றி, எஞ்சின்களை ஒரு வரிசையிலும் ஆக்சில்களை ஒரு வரிசையிலும் புதுப்பித்து, கைக்கு வந்ததைக் கைக்கு வந்த சட்டத்தில் ஏற்றினார்கள். மூன்று வண்டிகளின் வாழ்க்கை ஒன்றில் சேர்ந்திருக்கும். புதுப்பித்த பணிமனையின் சிறு தகடு எஞ்சினில் ஒட்டியிருந்தால் அதையும் பத்திரப்படுத்த வேண்டும்.

படித்தாயிற்று, இப்போது கழற்றலாம். முதல் எதிரி துரு. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே அந்தத் துரு ஆப்புப் போல இறுகியிருக்கும். பலம் கொடுத்தால் போல்ட் முறியும். நட்டை மட்டும் சுடரில் காட்டி 300 டிகிரி வரை சூடேற்றினால், 20 மில்லிமீட்டர் துளை ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமுடியின் கனம்தான். அந்த ஒரு முடி இடைவெளியில் துரு நொறுங்கி, எண்ணெய் புகுந்து, எண்பது ஆண்டுப் பிடி தளர்கிறது.

சிறு பாகங்களுக்கு இன்னும் நயமான வழி மின்பகுப்பு, அதாவது மின்சாரத்தைக் கொண்டே துருவைக் கழற்றுவது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் கட்டி முக்கி வைக்கிறார்கள். நேர்முனையில் ஒரு பழைய இரும்புத் தகடு. சிறு சிறு குமிழ்கள் பாகத்திலிருந்து எழத் தொடங்கும். ஓரிரவு கழித்து எடுத்தால் துரு கறுப்புச் சேறாக விரலில் வழிந்து வரும். அடியில் நல்ல இரும்பு துளிகூடக் குறைந்திருக்காது. அமிலம் நல்லதையும் கெட்டதையும் சேர்த்துத் தின்னும். இது கெட்டதை மட்டும் தொடும். ஆலையின் சின்னமும் வார்ப்பு எண்ணும் கூர்மையாகத் திரும்பி வரும். நேர்முனையில் மட்டும் எவர்சில்வரைக் கட்டிவிடக் கூடாது. அதிலிருக்கும் குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் கரையும். குமிழாக வருவது ஹைட்ரஜன் என்பதால் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும்.

எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு விசை போகும் வழியைக் கழற்றும்போது அந்தக் கால வடிவமைப்பாளர்கள்மீது மரியாதை கூடிக்கொண்டே போகும். 4.4 லிட்டர், ஆறு சிலிண்டர், சுமார் 91 குதிரைத் திறன். இன்றைய நடுத்தரக் கார் ஒன்றின் திறன்தான். அதை வைத்து நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள லாரி, பாரத்தோடு சேற்றுமேட்டில் ஏறியது எப்படி? கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது: ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’, விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடும் பெட்டி. அதில் தாழ்ந்த கியரைப் போட்டு, முதல் கியரில் நகர்ந்தால், எஞ்சின் ஏறத்தாழ 100 முறை சுற்ற சக்கரம் ஒரே ஒரு முறை சுற்றும். எஞ்சின் அலறும், வண்டி நடந்து போகிறவர் வேகத்தில் ஊரும். வேகத்தை விற்று வலுவை வாங்குகிற வியாபாரம் இது. கிணற்றுக் கப்பி தொடங்கி எல்லா எளிய பொறிகளும் செய்வது இதைத்தான்.

முன்சக்கரத்தில் இன்னொரு சிக்கல். அது சுற்றவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். வளையும் இடத்தில் சாதாரண கிராஸ் மூட்டைப் போட்டால், சக்கரத்தை 30 டிகிரி திருப்பும்போது அச்சு ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை 15 சதவீதம் வரை விரைந்தும் தயங்கியும் ஓடும். ஸ்டியரிங் கையில் துள்ளும். இதற்கு ஆல்பிரட் செப்பா என்ற பொறியாளர் 1920-களில் கண்ட விடை, கிண்ணத்துக்குள் கிண்ணமும் நடுவே ஆறு எஃகுக் குண்டுகளும். குண்டுகள் வளைந்த பள்ளங்களில் உருண்டு, இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலுள்ள கோணத்தைச் சரிபாதியாகப் பிளக்கும் தளத்திலேயே எப்போதும் நிற்கும். அதனால் உள்ளே எந்த வேகமோ வெளியேயும் அதே வேகம். இந்தச் சமவேக மூட்டு அன்று ராணுவ வண்டிகளின் முன் ஆக்சிலில் இருந்தது. இன்று முன்சக்கரத்தால் இழுபடும் சின்னக் கார்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. வண்டியை ஒடித்துத் திருப்பும்போது ‘கட கட’வென்று சத்தம் வந்தால், ‘சி.வி. ஜாயின்ட் போயிடுச்சு’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

வயரிங்கில் பலர் இடறுகிறார்கள். இந்த லாரிக்கு 6 வோல்ட். நம் பைக் பேட்டரியில் பாதி. அதே வேலையைப் பாதி வோல்ட்டில் செய்ய இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும், அப்போது ஒரே கனமுள்ள வயரில் வெப்பமாக வீணாவது நான்கு மடங்கு. ஆகவேதான் ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிள் கட்டைவிரல் தடிமனுக்கு இருக்கும். கடையில் கிடைக்கும் இன்றைய கேபிளைப் போட்டுவிட்டு, ‘எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறதே’ என்று ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். ஸ்டார்ட்டர் பாவம், பட்டினி கிடக்கிறது.

சில வண்டிகளில் பதிவு எண்ணின் கடைசியில் ‘எஸ்’ என்ற எழுத்து கிடைக்கும். அது கிடைத்தால் ஒவ்வொரு வாஷரையும் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பார்க் பிளக் பொறிக்கும்போதெல்லாம் அது ஒரு குட்டி வானொலி நிலையம். வீட்டில் பழைய ரேடியோ பாடிக்கொண்டிருக்க, தெருவில் ஸ்கூட்டர் போனதும் ‘கரகர’ என்று குறுக்கிடுமே, அதுதான். போர்க்களத்தில் அந்தக் கரகரப்பு ஒரு கட்டளையை மூழ்கடித்துவிடலாம். எனவே பானெட், ஃபெண்டர், கேபின் எல்லாவற்றையும் செம்புப் பின்னல் பட்டைகளால் சட்டத்தோடு இணைத்து, போல்ட்டுகளுக்கு அடியில் பல்லுள்ள வாஷர் வைத்தார்கள். பற்கள் பெயிண்டைக் கடித்து இரும்பைத் தொடும். மொத்த வண்டியும் ஒரே உலோகக் கூடாகி இரைச்சலை உள்ளேயே அடைத்துவிடும். ‘எஸ்’ என்பது இந்த அடைப்பு முடிந்தது என்ற முத்திரை. அந்த வாஷரைச் சாதாரண வாஷர் என்று நினைத்துத் தூக்கிப் போட்டால், ஒரு பொறியியல் அமைப்பையே தூக்கிப் போடுகிறோம்.

வேலை எல்லாம் முடிந்து, பளபளப்பில்லாத அந்தப் பச்சையை மறுபடி அடித்து, எண்ணை அதே இடத்தில் எழுதிய பிறகு, ஒரு சோதனையை இருட்டில்தான் செய்ய வேண்டும். பின்பக்கத்து இருட்டடிப்பு விளக்கு உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் முகத்தில் நான்கு சிறு திறப்புகள், இரண்டிரண்டாக. முகப்பு விளக்கை அணைத்துவிட்டு நூற்றுக்கணக்கான லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது, முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பின்னால் வருபவர் எப்படித் தெரிந்துகொள்வார்? நம் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு: ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவாக விலகியிருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். 18 மீட்டரில் அது ஓர் அரிசிமணியின் நீளம். 55 மீட்டரில் சுண்டுவிரலின் அகலம். அந்தக் குறையைத்தான் இந்த விளக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது.

சுவிட்சைப் போட்டுவிட்டு லாரியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தால் தெரியும். அருகில் நான்கு சிவப்புப் பொட்டுகள்: மிக நெருங்கிவிட்டீர்கள், வேகத்தைக் குறையுங்கள். ஏறத்தாழ 18 மீட்டரைத் தாண்டியதும் ஒவ்வொரு ஜோடியும் கலந்து இரண்டாகின்றன: இதுதான் சரியான இடைவெளி. இன்னும் நடந்து 55 மீட்டர் வாக்கில் அந்த இரண்டும் மெல்ல ஒன்றையொன்று நெருங்கி, ஒரே பொட்டாகிவிடுகின்றன. பின்தங்கிவிட்டீர்கள், கொஞ்சம் மிதியுங்கள் என்கிறது அது. இரண்டடி முன்னே வைத்தால் மறுபடி இரண்டாகப் பிரிகிறது.